வெளிப்பொருத்தும் படகு இயந்திரத்தில் வலுவிழந்த தீப்பொறி

வலுவிழந்த தீப்பொறி என்பது, பெட்ரோலில் ஓடும் படகு இயந்திரத்தின் சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையைப் பற்றவைக்கப் போதாத அளவில் மின்பொறி உண்டாகும் பழுதாகும். படகின் பின்பலகையில் திருகிப் பொருத்தப்படும் இவ்வகை இயந்திரம் தமிழகத்தில் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்றும் இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்றும் எழுத்தில் வழங்கப்படுகிறது. பேச்சில் அவுட்போர்டு என்பதே வழக்கு.

பொறி அறவே வராத இயந்திரம் கிளம்பாது. அது கரையிலேயே தெரிந்துவிடும். வலுவிழந்த பொறியுள்ள இயந்திரமோ சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியபின் கரைக்கு எட்டாத தூரத்தில் நின்றுபோவதும் உண்டு. காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துச் செல்லும்போது கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும் நிலை இதனால் ஏற்படுகிறது. ஆகவே இப்பழுதைக் கரையில் வைத்தே உறுதியாகக் கண்டறிவது உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய வேலை.

இக்கட்டுரை பெரும்பாலும் பாயிண்ட் வகை மேக்னட்டோ கொண்ட இயந்திரங்களைப் பற்றியது. ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தமது படகு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அவர் பெயரிலும் ஜான்சன் என்ற பெயரிலும் ஒரே நிறுவனம் இயந்திரங்களைச் செய்தது. 1950-களிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை இவ்விரு பெயர்களில் வந்த சிறிய, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பல இன்றும் ஓடுகின்றன. அமைப்பு எளிமையானது, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் புரிந்துகொண்டவருக்குப் பிற்கால மின்னணு வகையும் எளிதில் பிடிபடும்.

பொறி பிறக்கும் விதம்

மேக்னட்டோவுக்கு மின்கலம் தேவையில்லை. இயந்திரத்தின் தலையில் உள்ள கனத்த பிளைவீலின் உட்புறம் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. கயிற்றை இழுக்கும்போது அக்காந்தங்கள், அசையாமல் இருக்கும் தகட்டின் மீது பொருத்தப்பட்ட காயில்களைக் கடந்து செல்கின்றன. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் பாரடே 1831-இல் கண்டதைப் பள்ளி அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். இங்கு நடப்பதும் அதுவே.

ஒவ்வொரு காயிலிலும் இரண்டு சுற்றுகள் உள்ளன. முதன்மைச் சுற்று தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்டது. இரண்டாம் சுற்று தலைமுடி போன்ற கம்பியால் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது. பாயிண்ட் என்னும் சிறு தொடுமுனைகள் மூடியிருக்கும்போது முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. அது உச்சத்தை எட்டும் நொடியில் அச்சிலுள்ள கேம் பாயிண்டைத் திறக்கிறது. மின்னோட்டம் சட்டென்று அறுபட, காந்தப்புலம் சரிய, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாவுகிறது.

‘சட்டென்று’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மின்னோட்டம் மெதுவாக அறுபட்டாலும், முழு அளவை எட்டாமலே அறுபட்டாலும், எழுந்த மின்னழுத்தம் வழியில் வேறெங்காவது கசிந்தாலும் பொறி வலுவிழக்கும். இப்பழுதுக்கான காரணங்கள் ஏறக்குறைய அனைத்தும் இம்மூன்றில் அடங்கிவிடும்.

இரட்டை சிலிண்டர் இயந்திரத்தில் காயில், பாயிண்ட், கண்டன்சர் ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. பிளைவீலும் நிறுத்தும் பொத்தானும் பொது. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி வலுவிழந்தால் அந்தச் சிலிண்டரின் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒருசேர வலுவிழந்தால் பொதுவான உறுப்புகளை முதலில் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த இயந்திரம் இதற்கு விலக்கு. அதில் இரு பக்கப் பாயிண்டுகளும் ஒன்றாகவே துருவேறியிருக்கும்.

காற்றில் தாவும் பொறி

பிளக்கைக் கழற்றி, இயந்திரத்தின் உடலோடு ஒட்டிப் பிடித்து, கயிற்றை இழுத்து, பொறி தெரிந்தால் ‘கரண்ட் நன்றாக வருகிறது’ என்று முடிவு செய்வது பரவலான பழக்கம். இது அரைச் சோதனைதான்.

சாதாரண காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவ ஏறத்தாழ 3000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அமுக்கப்படுகிறது. அமுக்கம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாவக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். வெளியே 0.75 மி.மீ. இடைவெளியைச் சிரமமின்றித் தாவிய பொறி, உள்ளே அதே இடைவெளியைத் தாவ முடியாமல் தோற்றுப்போவது இதனால்தான்.

எனவே வெளியே சோதிக்கும்போது இடைவெளியைப் பெரிதாக்க வேண்டும். இவ்வகைப் பாயிண்ட் மேக்னட்டோவுக்கு கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. இடைவெளியைப் பொறி தாவ வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் நடைமுறை அளவு. இதற்கென்றே விற்கும் சோதனைக் கருவி வாங்கலாம். ஒரு மரத்துண்டில் இரண்டு ஆணிகளை 6 மி.மீ. இடைவெளியில் அறைந்து, ஒன்றைக் கம்பியால் இயந்திர உடலோடு இணைத்து, மற்றொன்றில் பிளக் ஒயரை மாட்டினாலும் வேலை நடக்கும். ஆனால் கயிற்றை இழுக்கும்போது அதைக் கையால் பிடிக்கக் கூடாது.

நல்ல பொறி நீலவெண்மையாக, ‘டப்’ என்ற ஒலியோடு தாவும். வலுவிழந்தது மெல்லிய மஞ்சள் இழையாக ஒலியின்றித் தோன்றும், அல்லது சில இழுப்புகளில் விட்டுவிடும். நிறத்தை மட்டும் நம்புவது சரியல்ல. உப்பு படிந்த முனையில் நல்ல பொறியும் மஞ்சளாகத் தெரியக்கூடும். தாவும் தூரமே சான்று.

சோதிக்கும்போது இரு பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். அமுக்கம் இல்லாததால் இயந்திரம் இலகுவாக, வேகமாகச் சுழலும். மேக்னட்டோ வேகத்தை நம்பி வாழ்வது. மெதுவாக இழுத்தால் நல்ல காயிலும் சோனிப்பொறியே தரும். சோதிக்காத பக்கத்து ஒயரை இயந்திர உடலோடு இணைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாவ வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். அது காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கும். பொறி தாவும் இடம் அத்துளைகளிலிருந்து விலகியே இருக்க வேண்டும். எரிபொருள் தொட்டியை அப்புறப்படுத்தி, மூடியைத் திறந்து காற்றாட விட்டபின் சோதனையைத் தொடங்க வேண்டும். கியர் நடுநிலையில் இருக்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுவதே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது: நிறுத்தும் ஒயர்

பிளைவீலைக் கழற்றும் முன் ஒரே ஒரு ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போது முதன்மைச் சுற்று இயந்திர உடலோடு குறுக்கிணைப்பு ஆகிறது, பாயிண்ட் திறந்தாலும் மின்னோட்டம் அறுபடாது, பொறி பிறக்காது. பொத்தானுக்குள் உப்புநீர் புகுந்தாலோ, ஒயரின் மேலுறை உராய்ந்து தேய்ந்தாலோ, யாரும் அழுத்தாமலே பாதி அழுத்தியது போன்ற நிலை உண்டாகும். முழுக் குறுக்கிணைப்பு என்றால் பொறியே இராது. ஈரக் கசிவு என்றால் பொறி இருக்கும், வலு இராது. வெயிலில் காய்ந்த நாளில் நன்றாக ஓடி, மழை நாளில் மக்கர் செய்யும் இயந்திரத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இயந்திரத்தின் பக்கம் அந்த ஒயரைப் பிரித்து, முனையை எங்கும் தொடாதபடி சுற்றிவைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். 6 மி.மீ. தாவினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. நல்ல காயிலைக் கழற்றி எறிந்து புதிது வாங்கியபின் இந்த ஒயரைக் கண்டுபிடித்தவர்கள் அநேகர். ஒயர் பிரித்த நிலையில் இயந்திரத்தை ஓட்டினால் பொத்தானால் நிறுத்த முடியாது. சோக்கை முழுதாக இழுத்தே நிறுத்த வேண்டும். இது சோதனைக்கு மட்டுமே. அப்படியே கடலுக்குப் போகக் கூடாது.

பிளக், தொப்பி, ஒயர்

பிளக்கை மாற்றிப் பார்ப்பது மலிவு, எளிது. ஆனால் மேற்சொன்ன ஆணிச் சோதனையில் பிளக்குக்கு வேலையே இல்லை. ஆணிகளுக்கிடையே பொறி தாவி, இயந்திரம் கிளம்பாவிட்டால் பிளக்கின் மேல் சந்தேகம் போகும். ஆணிகளுக்கிடையே தாவாவிட்டால் எத்தனை பிளக் மாற்றினாலும் பயனில்லை.

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் பிளக்கின் பீங்கானில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி முனையைத் தாவாமல் கரியின் வழியே நழுவிவிடும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் இயந்திரங்களில் இது விரைவாக நேரும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டும் வழக்கம் அடுத்த முறை எளிதில் கிளம்புவதற்கு மட்டுமல்லாமல் பிளக்குக்கும் நல்லது. இடைவெளி இவ்வகை இயந்திரங்களுக்கு 0.030 அங்குலம், ஏறத்தாழ 0.75 மி.மீ. தேய்ந்து அகன்ற இடைவெளி கூடுதல் மின்னழுத்தம் கேட்கும்.

ஒயரின் தொப்பிக்குள் இருக்கும் கம்பிச் சுருள், ஒயரின் உள்ளிழையைக் குத்திப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சிறிது வெட்டிவிட்டுப் புதிதாகக் குத்தலாம். ஒயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க இருட்டே சிறந்தது. இரவில் மேல்மூடியைக் கழற்றி இழுத்துப் பார்த்தால், கசியும் இடத்தில் நீல ஒளி நெளியும்.

பிளைவீலுக்குக் கீழே

இதுவரை காரணம் அகப்படாவிட்டால் பிளைவீலைக் கழற்ற வேண்டும். அதன் நடுவில் உள்ள மூன்று மரைத்துளைகளில் புல்லரைத் திருகி இழுப்பதே முறை. விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் சக்கரம் கோணும்; அச்சின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கிராங்க் தண்டு கெடும்.

பாயிண்டுகள்தான் வழக்கமான காரணம். ஓராண்டு ஓடாமல் கிடந்தாலே தொடுமுனையில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஏறிவிடும். மல்டிமீட்டரை வைத்தால் மூடிய பாயிண்டில் ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினாலும் முதன்மை மின்னோட்டம் குறைந்துவிடும், ஏனெனில் அச்சுற்றின் மொத்தத் தடையே ஏறத்தாழ ஓர் ஓம்தான். பாயிண்டுக்கென்ற மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்த்து, பின்னர் கரைப்பானில் நனைத்த கெட்டி அட்டையை இடையில் விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணிகள் முனையில் பதிந்து மீண்டும் தொடர்பைக் கெடுக்கும்.

இடைவெளி, கேமின் மிக உயர்ந்த இடத்தில் 0.020 அங்குலம், அதாவது சுமார் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும். குறைந்தால் பிந்தித் திறக்கும். இரண்டிலும் மின்னோட்டத்தின் உச்சம் தவறிவிடுவதால் பொறி வலுவிழக்கும். பில்லர் கேஜால் அளந்தபின் மீண்டும் ஒருமுறை அட்டையால் துடைக்க வேண்டும். கேஜ் தகட்டில் இருந்த எண்ணெய்த் துளி பாயிண்டில் ஒட்டிக்கொண்டு, அவ்வளவு வேலையையும் வீணாக்குவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதே. துடைத்த சில நாளில் மறுபடியும் எண்ணெய் படிந்தால், கிராங்க் தண்டின் மேல் சீல் கசிகிறது என்று பொருள்.

கண்டன்சர் பாயிண்டுக்குத் துணை. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கேயே பொறி வெடிக்காதபடி மின்னோட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அது சட்டென்று அறுபட உதவுகிறது. இதன் கொள்ளளவு பொதுவாக 0.2 மைக்ரோபேரட் அளவில் இருக்கும். கெட்டுப்போனால் பாயிண்ட் கருகிக் குழிவிழும். பிளக்கில் பொறி மஞ்சளாக மெலியும். புதிய பாயிண்ட் சில வாரங்களில் கருகினால் பாயிண்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

அக்காலக் காயில்களின் மேலுறை ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்துவிடும். வெடிப்பின் வழியே ஈரம் புகும். உயர் மின்னழுத்தம் அதே வழியில் தகட்டுக்குத் தாவிவிடும். வெடிப்பு தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை, மாற்றிவிடலாம். மல்டிமீட்டரில் இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினாலும் காயில் நல்லது என்று உறுதியாகாது. மீட்டர் தருவது சில வோல்ட். காயில் தாங்க வேண்டியது பல ஆயிரம் வோல்ட். அரைமணி ஓடிச் சூடானபின் நின்று, ஆறியபின் ஏதும் நடவாதது போலக் கிளம்பும் இயந்திரத்தில் காயிலே முதல் சந்தேகம். அத்தகைய காயிலைச் சூடாக இருக்கும்போதே சோதித்தால்தான் பிடிபடும்.

புதிய காயிலைப் பொருத்தும்போது அதன் இரும்புக் கால்கள் தகட்டிலுள்ள கடைந்த மேடுகளின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. வெளியே நீட்டினால் காந்தத்தில் உராயும். உள்ளே தள்ளியிருந்தால் பொறி மெலியும்.

சாவியும் காந்தமும்

பிளைவீலை அச்சோடு நிலைநிறுத்துவது விரல்நகம் அளவேயான ஓர் உலோகச் சாவி. நட்டு சரியாக இறுகாமல் ஓடினாலோ, புரொபெல்லர் கல்லில் மோதினாலோ அது பாதி வெட்டுப்படும். கேம் அச்சிலேயே தனியே பொருந்தியிருப்பதால் பாயிண்ட் உரிய நேரத்தில்தான் திறக்கும்; ஆனால் காந்தங்கள் இடம் மாறியிருக்கும். மின்னோட்டம் உச்சத்தை எட்டாத நேரத்தில் அறுபடுவதால் இரண்டு சிலிண்டரிலும் பொறி மெலியும். எல்லா உறுப்பும் புதிதாக இருந்தும் பொறி மெலிவாகவே இருந்தால் இச்சாவியை எடுத்துப் பார்க்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அச்சின் கூம்புப் பகுதியில் எண்ணெயோ கிரீசோ இருக்கக் கூடாது. நட்டை அந்த மாதிரிக்குரிய கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும்.

காந்தம் தேய்ந்துவிட்டது என்று அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அது அரிது. திருப்புளியை அருகில் கொண்டுசென்றால் வெடுக்கென்று இழுக்குமானால் காந்தத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

மின்னணு வகை இயந்திரங்கள்

1970-களுக்குப் பின் பாயிண்டின் இடத்தைச் சிடிஐ எனப்படும் மின்தேக்கி வழிப் பற்றவைப்பு பிடித்தது. இதில் பிளைவீலின் கீழுள்ள சார்ஜ் காயில் ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது. தூண்டு காயில் குறிகாட்டும் நொடியில் அது பற்றவைப்புக் காயிலுக்குள் கொட்டுகிறது. துடைக்கவோ இடைவெளி வைக்கவோ ஏதுமில்லை. பொறி 11 மி.மீ. வரை தாவ வேண்டும்.

தேடும் வரிசை மாறாது: அளந்த இடைவெளியில் சோதனை, நிறுத்தும் ஒயர், மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் சுவிட்சு, உடலோடு இணையும் கருப்பு ஒயரின் துருவேறிய போல்ட்டு. மின்னணுப் பெட்டியை மாற்றுவது கடைசி. அதன் விலை அதிகம். குறையும் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். சார்ஜ் காயிலின் வெளியீடு கணநேரத் துடிப்பாக வருவதால் சாதாரண மல்டிமீட்டர் அதன் உச்சத்தைக் காட்டாது. உச்ச மின்னழுத்தம் அளக்கும் இணைப்புக் கருவி வேண்டும். நிறுத்தும் ஒயரில் 12 வோல்ட் மின்கலத்தைத் தொடவிட்டால் பெட்டி அந்த நொடியே எரிந்துபோகும். மின்சார ஸ்டார்ட்டர் உள்ளவற்றில் மின்கலம் தளர்ந்து சுழற்சி மந்தமானாலும் பொறி மெலியும்.

பொறி சரியாகியும் கிளம்பாவிட்டால்

6 மி.மீ. இடைவெளியை இரு பக்கமும் பொறி தவறாமல் தாவுமானால் பற்றவைப்பைவிட்டு வெளியே தேட வேண்டும். பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் மிகுதி. காய்ந்திருந்தால் கார்புரேட்டருக்கு எரிபொருள் வரவில்லை. ஒரு சிலிண்டரின் அமுக்கம் மற்றதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் பொறி எவ்வளவு வலுவாக இருந்தும் அது வேலை செய்யாது.

சரிசெய்த இயந்திரத்தை நீர் நிறைந்த பீப்பாயிலோ, கட்டிய படகிலோ வைத்துச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். நீரின்றி ஓட்டினால் குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கை சிறிது நேரத்தில் தீய்ந்துவிடும். நன்கு சூடானபின் நிறுத்தி, பிரித்துவைத்த நிறுத்தும் ஒயரை இணைத்தாயிற்றா என்று பார்த்து, ஆறும் முன்பே மீண்டும் கிளப்பிப் பார்க்க வேண்டும்.